எங்கள் வீட்டு ஐஸ் மீன்

போன டிசம்பரில் ஒரு ராத்திரி, எங்களுக்குத்தான் ராத்திரி, அவனுக்கு அப்போதுதான் விடிந்திருந்தது, மினசோட்டாவில் இருக்கிற பேரன் வாட்ஸ்அப்பில் வந்து, "தாத்தா, நானும் அப்பாவும் ஐஸ் ஃபிஷிங் போறோம்" என்றான். கண் இரண்டைத் தவிர வேறெதுவும் தெரியாதபடி மூடிக்கொண்டிருந்தான். அடுப்படியில் தோசைத் திருப்பியோடு நின்ற என் மனைவிக்குப் பாதிதான் காதில் விழுந்தது. "ஐஸ் மீனா? அதை எதுக்குடா பிடிக்கணும்? இங்க வேணாம் வேணாம்னாலும் தலையில கட்டுறான்" என்றாள்.

பேரனுக்குப் புரியவில்லை. கடற்கரை ஊர்க்காரர்களுக்கும் புரியாமல் இருக்கலாம். கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் ஐஸ் மீன் என்பது மீனின் பெயர் அல்ல, அது ஒரு வசவு. கடல் எங்களுக்கு நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், கடலூரில். அங்கே கரையேறிய மீன் மூங்கில் கூடைக்குள் ஐஸும் உமியுமாகப் படுத்து, பஸ் கூரையில் ஏறி, பண்ருட்டி, உளுந்தூர்பேட்டை, தியாகதுருகம் என்று ஊருக்கு ஊர் கொஞ்சம் சொட்டிவிட்டு எங்களிடம் வந்து சேரும்போது, அது எந்த அமாவாசைக்குப் பிடித்தது என்பது அதற்கே மறந்திருக்கும். அதனால் எங்கள் வீட்டுப் பெண்கள் மீன்காரரிடம் முதலில் விலை கேட்பதில்லை. "ஐஸ் மீனா?" என்று கேட்பார்கள், செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், முகம் சுளிப்பார்கள், அப்புறம் அதையேதான் வாங்குவார்கள். ஆனால் அணை மீன் என்றால் பேச்சே வேறு. அதற்குச் செவுளைத் தூக்க வேண்டியதில்லை, கூடைக்குள் அதுவே தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கும்.

கோமுகி அணைக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அதைக் கட்டி முடித்தது 1965-இல். நான் இரண்டு வருஷம் மூத்தவன், அதனாலோ என்னவோ அதன் மேல் எனக்கு ஓர் அண்ணன் உரிமை உண்டு. கல்வராயன் மலையில் பெய்கிற மழை பொட்டியம், மாயம்பாடி, பரங்கிநத்தம், கல்படை என்று அடிவாரத்து ஓடைகளாக இறங்கி வந்து அதில் விழும். மொத்த உயரம் 46 அடி. கொள்ளளவு 560 மில்லியன் கன அடி என்று பேப்பரில் போடுவார்கள், எங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் ஏறாது, "நாப்பது தாண்டிருச்சா?" என்றுதான் டீக்கடையில் கேட்டுக்கொள்வோம். அணையின் மேல்கரையில் ஒரு பாறை உண்டு. அதே பாறையில் நான் தென்னாற்காடு மாவட்டத்தில் உட்கார்ந்து தூண்டில் போட்டிருக்கிறேன்; 1993-க்குப் பிறகு விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டத்தில் போட்டிருக்கிறேன்; 1997-இல் பெயரைச் சுருக்கிக்கொண்ட வெறும் விழுப்புரத்தில் போட்டிருக்கிறேன்; 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பாறை ஓர் அங்குலம் நகரவில்லை. மீன்களுக்கு யாரும் தகவல் அனுப்பியதாகவும் தெரியவில்லை.

தூண்டிலுக்கு ஒரு காலம் உண்டு, அது ஐப்பசியில் புதுத்தண்ணி வரும்போது. கோடை முழுக்கப் பாசி பிடித்துப் பச்சையாகக் கிடந்த தண்ணீர், மலையில் ரெண்டு நாள் இடித்துக்கொட்டியதும், ஒரே ராத்திரியில் டீ நிறத்துக்கு மாறிவிடும். மேட்டிலிருந்து அடித்துக்கொண்டு வருகிற பூச்சியும் புழுவும் எறும்புமாக மீனுக்குக் கல்யாணச் சாப்பாடு. போதாததற்குக் கெண்டைகள் முட்டையிடக் கிளம்புவதும் அந்த வெள்ளத்தை நம்பித்தான். ஓடுகிற தண்ணீருக்கு எதிராக அவை ஓடை ஓடையாக ஏறும். "மீன் ஏறுது" என்று ஒருவர் சொன்னால் போதும், ஊரே ஊத்தாவும் பறியும் அத்தாங்குமாகக் கிளம்பிவிடும். ஒன்றும் இல்லாதவர்கள் பழைய சேலையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்தச் சேலையில் கெண்டையும் வரும், தண்ணிப்பாம்பும் வரும்; இரண்டுக்கும் எழுகிற கூச்சல் ஒன்றுதான்.

நாங்கள் தூண்டில்காரர்கள். எங்களுக்கு அவ்வளவு அவசரம் கூடாது என்பது மாமாவின் சட்டம். மாமா அணையில் லஸ்கர் வேலை பார்த்தார், மதகின் திருகைச் சுற்றுவதும் அளவுகோலைப் பார்த்து எழுதுவதும் அவர் உத்தியோகம், மற்ற நேரமெல்லாம் மீன். புதுத்தண்ணி வந்த அன்றைக்கே தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடியவனைப் பிடித்து உட்கார வைத்து, "கலங்கல்ல மீனுக்குக் கண்ணு தெரியாதுடா, உனக்கு ஏற்கெனவே தெரியாது" என்றார். முழங்கால் தண்ணியில் இறங்கி நின்று குனிந்து பார்க்க வேண்டும், கால் கட்டைவிரல் நகம் மங்கலாகத் தெரிந்தால் தூண்டில் போடலாம், தெரியாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அந்த நகம் தெரிகிற நாளுக்காக, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் தினமும் சுற்றிப் போய் ஓடையில் கால் நனைத்துப் பார்த்த பையன் நான்தான். பரீட்சைக்கு இவ்வளவு அக்கறை காட்டியிருந்தால், என்று அப்பா ஆரம்பிக்கும் வாக்கியத்தை அவர் கடைசிவரை முடித்ததே இல்லை.

தூண்டில் கழி மலையிலிருந்து வந்தது. கடுக்காயும் தேனும் புளியும் சுமந்துகொண்டு வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வருகிற மலையாளிப் பெரியவர் ஒருவர், வெல்ல உருண்டை ஒன்றுக்கு ஒரு கல்மூங்கில் என்ற கணக்கில் எங்களுக்குக் கழி தருவார். மலையாளி என்றால் கேரளம் அல்ல, மலையை ஆள்கிற எங்கள் மலைவாசிகள். ஆள்கிற என்று பெயரில்தான் இருந்தது. 1976-இல் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும்வரை அந்த மலையை மூன்று ஜாகீர்தார்கள் வைத்திருந்தார்கள், அந்த ஜனங்கள் அவர்களுக்கு வரியும் கட்டி வேலையும் செய்துகொடுத்துக் கிடந்தார்கள். இதெல்லாம் எனக்கு நரை கண்ட பிறகு படித்துத் தெரிந்தது. பன்னிரண்டு வயதில் எனக்கு இருந்த ஒரே கவலை, பெரியவர் கொண்டுவந்த கழியின் நுனி வளையுமா, முறியுமா என்பதுதான். அவர் ஏன் ஒரு வெல்ல உருண்டைக்காக அவ்வளவு தூரம் வேட்டி நனைய இறங்கி வந்தார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

மற்ற சாமான்களெல்லாம் வீட்டுத் தயாரிப்பு. நரம்பும் முள்ளும் மட்டும் கடையில் வாங்குவது. ஈயம் வேண்டுமென்றால் பழைய பற்பசை டியூப்பை நறுக்கிச் சுருட்டிக் கடித்து இறுக்குவோம், அது விஷம் என்று யாரும் சொல்லவில்லை. தக்கைக்கு மயிலிறகுத் தண்டு. அது தானாக உதிர்ந்து காட்டில் கிடக்கும், எடுத்து நான்கு விரல் அளவுக்கு நறுக்கினால் தண்ணீரில் மெழுகுவத்தி மாதிரி நிற்கும். நாக்குப்பூச்சிக்குக் கழனித்தண்ணி ஊற்றுகிற வாழைமரத்தடி; கொட்டாங்குச்சியில் கொஞ்சம் ஈரமண்ணோடு போட்டு மேலே ஒரு வாழையிலைக் கிழிசல். புழுவைக் கோர்த்ததும் அதன் மேல் லேசாகத் துப்பிவிட்டுத்தான் வீச வேண்டும். ஏன் என்று மாமாவைக் கேட்டேன். "துப்பாம போட்டுப் பாரு" என்றார். இன்றுவரை போட்டுப் பார்க்கவில்லை.

அப்புறம் அந்தத் தக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பது. இதை எப்படிச் சொன்னால் உங்களுக்குப் புரியும் என்று தெரியவில்லை, தூண்டில் போட்டவர்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. தண்ணீருக்கு மேல் ஒரு விரற்கடை வெள்ளைத் தண்டு, அதைத் தவிர உலகத்தில் ஒன்றும் கிடையாது. சின்னக் கெண்டை என்றால் தக்கை துடிக்கும், தந்தி அடிப்பது மாதிரி, இழுத்தால் வெறும் முள் வரும், புழுவைத் தின்றுவிட்டு ரசீதுகூடக் கொடுக்காமல் போயிருக்கும். ஜிலேபி தக்கையைப் படுக்கப்போட்டுப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். கெளுத்தி அப்படியெல்லாம் விளையாடாது, நின்ற தக்கை நின்றபடியே சரேலென்று உள்ளே போய்விடும், கிணற்றில் வாளி விழுந்த மாதிரி. அப்போது இழுத்தால் கழி வளைந்து கை வழியாக ஒரு கனம் ஏறும். இழுத்துப் போட்ட பிறகு, மீசையும் இரண்டு பக்க முள்ளுமாகக் கொர்கொர் என்று கத்துகிற அதை எப்படிப் பிடிப்பது என்பது அடுத்த பாடம். தப்பாகப் பிடித்தால் முள் ஏறும், ராத்திரி முழுக்க விண்விண்ணென்று தெறிக்கும், அம்மா சுண்ணாம்பு தடவிக்கொண்டே திட்டுவாள். விரால்தான் ராஜா. அதற்குப் புழு மரியாதைக்குறைவு, சின்னத் தவளையை முள்ளில் மாட்டி ஆகாயத்தாமரை ஓரமாகத் தத்தித் தத்தி இழுக்க வேண்டும், "பளக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை நான் என் வாழ்நாளில் நான்கு தடவை கேட்டிருக்கிறேன். விரால் வீட்டுக்கு வந்தது ஒரே தடவை.

இப்போது நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும், ஐஸ் மீன் என்று பேரன் சொன்னதும் என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்து ஏன் சிரித்தாள் என்பதற்கு வேறு விளக்கம் கிடையாது.

எட்டாம் வகுப்புப் படிக்கும்போது, நகம் தெரிந்த ஒரு நல்ல நாளில், பள்ளிக்கூடத்தை மட்டம் போட்டுவிட்டுப் போய் சாயங்காலம்வரை உட்கார்ந்தும் ஒரு செதில்கூட வரவில்லை. வெறுங்கையோடு போனால் மட்டம் போட்டதற்கு ஒரு அடி, மீன் இல்லாததற்கு ஒரு கேலி. திரும்பும் வழியில் பஸ் நிற்கும் இடத்தில் கூடையோடு ஓர் அம்மா மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். "என்ன மீனுங்க?" என்றேன். "கானாங்கெளுத்தி" என்றார். கெளுத்தி! எனக்கு அந்தப் பின்பாதி போதுமானதாக இருந்தது. முன்பாதி ஏதோ ஊர்ப்பெயர் என்று நினைத்துக்கொண்டேன். கையிலிருந்த காசுக்கு ஆறு கொடுத்தார். கோரைப்புல் ஒன்றைப் பிடுங்கி, செவுள் வழியாக நுழைத்து வாய் வழியாக வாங்கி, மாமா கோர்ப்பது மாதிரியே வரிசையாகக் கோர்த்து, ஓடைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, தலையையும் கொஞ்சம் நனைத்துக்கொண்டு, வெற்றிவீரனாக வீட்டு வாசலில் வந்து நின்றேன்.

அம்மா வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். "என்ன மீன்டா?" 

"கெளுத்தி. அணையில பிடிச்சேன்."

"மீசை எங்கடா?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. "சின்ன வயசு" என்றேன்.

அம்மா பதில் பேசாமல் அரிவாள்மனையை எடுத்துப் போட்டு உட்கார்ந்து முதல் மீனின் செவுளைத் தூக்கினாள். உள்ளேயிருந்து உமி ஒட்டிய ஓர் ஐஸ் துண்டு, கடுகளவுதான் இருக்கும், நழுவி மனையின் மேல் விழுந்தது. அது உருகி முடிகிறவரை நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அவள் உள்ளே திரும்பி, மாமாவைப் பார்த்து, "அண்ணே, உங்க அணையில ஐஸ் உறைஞ்சு போச்சாம், புள்ளை உடைச்சு மீன் பிடிச்சுட்டு வந்திருக்கான்" என்றாள். மாமா சிரித்த சிரிப்பு எனக்கு நாற்பது வருஷம் கேட்டது, கல்யாணத்தில் பெண் வீட்டாரிடமும் சொன்னார், அதனால்தான் என் மனைவிக்கும் தெரியும். குழம்பு என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

ஆகவே எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஐஸ் மீன் பிடித்தவன் நான், பேரன் பரம்பரைத் தொழிலுக்குத்தான் போகிறான். அவர்கள் போனது அப்பர் ரெட் லேக் என்ற ஏரி, மினசோட்டாவின் வடக்கே. பக்கத்து லோயர் ரெட் லேக்கையும் சேர்த்தால் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் வரும், நம் கோமுகியை அதில் ஒரு மூலையில் கொட்டினால் ஈரம்கூடத் தெரியாது. ஆழம் குறைவு, அதனால் சீக்கிரம் உறையும். மற்ற ஏரிகள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அங்கே ஜனம் கூடாரத்தோடு வந்துவிடுகிறது. முதல் பனிக்கட்டி பிடித்த நாட்களில்தான் மீன் நன்றாகக் கடிக்குமாம். புதுத்தண்ணிக்கு அவர்கள் ஊர்ப்பெயர் போலும் என்று நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கும் ஒரு லஸ்கர் மாமா இருக்கிறார்: தெளிந்த புதுப் பனிக்கட்டி நான்கு அங்குலம் இருந்தால் நடந்து போகலாம், கார் ஓட்ட ஏறக்குறைய பத்து அங்குலம் வேண்டும் என்று அரசாங்கமே அறிவிக்கிறது. எங்கள் மாமா சொன்னதைக் கேட்காவிட்டால் மீன் கிடைக்காது, அவ்வளவுதான். அங்கே கேட்காவிட்டால் ஆளே கிடைக்க மாட்டான்.

மறுநாள் வீடியோவில் காட்டினான். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை, நடுவே கூடாரம், கூடாரத்துக்குள் அடுப்பு, அடுப்புப் பக்கத்தில் தோசைக்கல் அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை. அதற்குப் பேட்டரியில் ஓடுகிற துளைக்கருவி. ஓட்டைக்குள் ஒன்றரை முழத் தூண்டில். கழியின் நீளத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மலையாளிப் பெரியவர் பார்த்தால் ஒரு வெல்ல உருண்டைக்கு ஐந்து கொடுத்திருப்பார். "என்ன மீன்டா?" என்று பாட்டி கேட்டாள். "வால்ஐ, பாட்டி." "வாளையா? அது நம்ம ஆத்துலயே கிடைக்குமே!" என்றாள் இவள். நான் குறுக்கே பேசவில்லை. பெயரின் ஒரு பாதியைக் கேட்டு மீனை முடிவு செய்கிற விஷயத்தில் எனக்கு வாய் திறக்க யோக்கியதை கிடையாது. அது வாளை இல்லை, கண்ணுக்குள் பூனைக்கு இருப்பது மாதிரி ஒளியைத் திருப்பியடிக்கிற ஒரு படலம் உண்டு, மங்கிய வெளிச்சத்தில் அதற்குத்தான் நன்றாகத் தெரியும், அந்தி சாயும்போதும் விடியும்போதும்தான் கடிக்கும் என்று மகன் விளக்கினான். கலங்கலில் கண் தெரிகிற மீன் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை மாமாவுக்குச் சொல்ல முடியவில்லையே என்றிருந்தது.

தக்கை எங்கே என்று கேட்டேன். தக்கை இல்லை. அதற்குப் பதில் ஒரு சின்ன டிவி. தண்ணீருக்குள் ஒலி அனுப்பி, எதிரொலியை வாங்கி, அடியில் போகிற மீனைக் கோடாகக் காட்டுகிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தரையிலிருந்து ஒரு கோடு மெல்ல மேலே வந்தது, இரைக்குப் பக்கத்தில் வந்து நின்றது, பேரன் மூச்சைப் பிடித்தான், நாங்களும் பிடித்தோம், எங்கள் வீட்டு மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றிய மாதிரி இருந்தது. அந்தக் கோடு நிதானமாகத் திரும்பி, வந்த வழியே இறங்கிப் போய்விட்டது. இப்படிப் பதினோரு தடவை. எங்கள் காலத்தில் மீன் நம்மை வேண்டாம் என்று சொன்னது நமக்குத் தெரியாது. மீனே இல்லை என்று சொல்லிக்கொண்டு மானத்தோடு வீட்டுக்கு வரலாம். பாவம், இந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு மறுப்பையும் கண்ணால் பார்க்கிறார்கள்.

அந்த ஏரியைப் பற்றி மகன் சொன்ன இன்னொன்றுதான் மனசில் நின்றது. கரையில் இருப்பவர்கள் ஓஜிப்வே பழங்குடி; ஏரியின் பெரும்பகுதி அவர்களுடையது. 1990-களில் ஆளாளுக்கு அள்ளி அள்ளி வால்ஐ ஏறக்குறைய அற்றே போய்விட்டது. பழங்குடியினரும் மாநில அரசும் உட்கார்ந்து பேசி, 1999 முதல் அதைப் பிடிப்பதையே நிறுத்திவிட்டார்கள், குஞ்சு விட்டார்கள், காத்திருந்தார்கள், 2006-இல்தான் மறுபடி திறந்தார்கள். இங்கே விரால் குறைந்தபோது யாரும் எதையும் மூடவில்லை. விரால் எழுந்துபோன இடத்தில் ஜிலேபி துண்டு போட்டு உட்கார்ந்துகொண்டது. ஆப்பிரிக்காவில் பிறந்து 1952-இல் இந்தியாவுக்கு வந்த மீன் அது, வாய்க்குள்ளேயே குஞ்சை அடைகாக்கிற சமர்த்து, எந்தக் குட்டையிலும் பிழைக்கும். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, நான் வெறுங்கையோடு திரும்பாத நாட்களில் பாதி அதன் தயவு.

போன ஐப்பசியில் நானும் பாறைக்குப் போனேன். மகன் வாங்கி அனுப்பிய கார்பன் கழி, சக்கரம், நாலு பெட்டி ரப்பர் மீன். பக்கத்தில் இரண்டு பையன்கள் அதே மாதிரி வைத்துக்கொண்டு, மீன் பிடிப்பதை விட அதைப் படம் பிடிப்பதில் மும்முரமாக இருந்தார்கள். முதல் வீச்சிலேயே என் சக்கரத்துக்குள் நரம்பு சிக்கித் தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி ஆகிவிட்டது. அதைப் பிரிக்கவே பொழுது சரியாகப் போயிற்று. வெட்கத்தோடு சொல்கிறேன், பிரிக்கும்போது பையன்கள் பார்க்காத நேரமாக அந்த ரப்பர் மீன் மேல் ஒரு தடவை துப்பினேன்.

திரும்பி வந்தபோது வாசலில் மீன்காரர் டிவிஎஸ் எக்செல்லில் நின்றிருந்தார். பின்னால் பெரிய தெர்மாகோல் பெட்டி. ஒலிபெருக்கியில் அவர் குரலே பதிவாகித் திரும்பத் திரும்பக் கூவிக்கொண்டிருந்தது. என் மனைவி வழக்கம்போலக் கேட்டாள், "ஐஸ் மீனா?"

"ஐயையோ, டேம் மீனும்மா. நம்ம கோமுகி. விடியக்காலம் பிடிச்சது" என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தார். மேலே ஒரு சாண் உயரத்துக்கு ஐஸ். கையால் விலக்கிவிட்டு ஒரு கெளுத்தியை எடுத்துக் காட்டினார். மீசை இருந்தது. அரைக் கிலோ வாங்கினோம்.